கிணறு சொல்கிறது; கேட்பார் யார்?

ஓசூர் நகரத்தில் விடியற்காலையில் தெருவுக்கு முதலில் வருவது எது என்று கேட்டால், பால்காரரின் வண்டி என்று சொல்லிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. இன்று முதலில் வருவது தண்ணீர் லாரி. பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் அந்த லாரி தண்ணீரை எங்கிருந்து கொண்டு வருகிறது? ஆற்றிலிருந்தா? ஏரியிலிருந்தா? இல்லை. ஊருக்கு வெளியே யாரோ ஒருவருடைய நிலத்தில், ஆயிரம் அடியைத் தொட்டுக் கொண்டிருக்கும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து!

நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அந்தக் கிணற்றில் சென்ற மாதம் நீர் எத்தனை அடியில் நின்றது? இந்த மாதம் எத்தனை அடியில் நிற்கிறது?

லாரிக்காரரைக் கேளுங்கள், தெரியாது என்பார். நிலத்துக்காரரைக் கேளுங்கள், மோட்டார் தண்ணீர் எடுக்கிறது, அதுவரையில் தெரியும் என்பார். ஊராட்சியைக் கேளுங்கள், அது எங்கள் வேலையல்ல என்பார்கள். பெட்ரோல் விற்கும் கடையில்கூடத் தொட்டிக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்து, இருப்பு இவ்வளவு என்று எழுதி வைக்கிறார்கள். அரிசிக் கடையில் மூட்டைக் கணக்கு உண்டு. ஆனால் லட்சக்கணக்கான மக்களின் உயிர் எந்தப் பொருளை நம்பி இருக்கிறதோ, அந்தப் பொருளுக்கு மட்டும் இருப்புக் கணக்கு மக்கள் கையில் இல்லை! இதைவிடப் பெரிய வேடிக்கை வேறு உண்டா? வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போக முடியுமா?

கருங்கல்லின் கஞ்சத்தனம்

ஓசூர் என்றால் கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள். பெயருக்கேற்ப அந்த ஊர் ஒவ்வொரு பத்தாண்டிலும் புதிதாகிக் கொண்டே வந்திருக்கிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று நாடு முழுதும் வாங்கும் பொருள்கள் அங்கே உற்பத்தியாயின. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. மேலே எல்லாம் புதிதாயிற்று. ஆனால் அடியில் இருக்கும் பாறை பழைய பாறைதான். அது மாநகராட்சிக்காக மாறவில்லை, மாறவும் மாறாது.

அந்தப் பாறையின் தன்மையை நம் வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். மணற்கல் என்று ஒரு வகை உண்டு. மணல் இறுகிக் கல்லானது அது. பருக்கைக்கும் பருக்கைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பஞ்சு நீரை வைத்திருப்பதுபோல் அது நீரை வைத்திருக்கும். கடலூர், நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் பூமிக்கடியில் அத்தகைய மணற்கல் அடுக்கடுக்காய்ப் பரந்து கிடக்கிறது.

ஓசூருக்கு அந்தப் பேறு கிடையாது. அங்கே இருப்பது கருங்கல்லும் அதன் இனத்தைச் சேர்ந்த வரிப்பாறையும். மேலே சில பத்து அடிகளுக்குப் பாறை சிதைந்து மொரம்பாக இருக்கிறது. அதில் கொஞ்சம் நீர் தங்கும். அதற்குக் கீழே பாறையில் வெடிப்பு இருந்தால் நீர் உண்டு. வெடிப்பு இல்லையென்றால் ஆயிரம் அடி போனாலும் புழுதிதான். பக்கத்துத் தோட்டத்தில் இருநூறு அடியில் நீர் வர, நம் தோட்டத்தில் எண்ணூறு அடியிலும் வராமல் போவதன் இரகசியம் இதுதான். தெய்வக் குற்றமுமில்லை, தேங்காய் சரியாக நிமிரவில்லை என்பதுமில்லை!

இந்தப் பாறையில் நூறு பங்கு கனத்துக்கு நாம் எடுக்கக் கூடிய நீர் இரண்டு மூன்று பங்குதான் இருக்கும். இதன் பொருள் என்ன? நூற்றுக்கு இரண்டு என்றே வைத்துக் கொள்வோம். மழையால் ஒரு சென்டிமீட்டர் நீர் பூமிக்குள் இறங்கினால் கிணற்றில் நீர்மட்டம் ஐம்பது சென்டிமீட்டர் ஏறும். ஏறும்போது மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு சென்டிமீட்டர் நீரை எடுத்தால் அதே ஐம்பது சென்டிமீட்டர் இறங்கவும் செய்யும். கையில் காசு குறைவாக உள்ளவன் தினமும் பையைத் தடவிப் பார்க்க வேண்டும். கருங்கல் பூமியில் வாழ்கிறவர்கள் அந்த நிலையில் இருப்பவர்கள். அவர்கள்தாம் மற்றவர்களைக் காட்டிலும் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டியவர்கள்.

நெய்வேலியில் அளக்கிறார்களே!

அளப்பது முடியாத காரியம் என்று எந்த அதிகாரியாவது சொல்வாரேயானால், அவரை நெய்வேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறோம்.

1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957-இல் சுரங்க வேலை தொடங்கிற்று. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே மணற்கல்லில் பெருநீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்தது. துளையிட்டால் மோட்டாரே இல்லாமல் நீர் தானாகப் பொங்கி வரும் கிணறுகள் அந்த வட்டாரத்தில் இருந்தன. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் மேல்மண்ணைத் தோண்டினால், சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு வெள்ளம் புகுந்துவிடும். ஆகவே சுற்றிலும் குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்தார்கள்; இன்னமும் இறைக்கிறார்கள். இறைத்தால் போதுமா? அழுத்தம் எவ்வளவு குறைந்தது, மட்டம் எங்கே நிற்கிறது என்று ஓயாமல் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாமா? அதற்கென்றே கண்காணிப்புக் கிணறுகள் வைத்து அளந்து வருகிறார்கள். அளவு தவறினால் சுரங்கம் போய்விடும். சுரங்கம் போனால் மின்சாரம் போய்விடும். கோடிக்கணக்கான பணம் போய்விடும்.

பணம் போகும் என்றால் நீர்மட்டத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். கேழ்வரகும் தக்காளியும் ரோஜாவும் பயிரிடுகிற சூளகிரி உழவரின் கிணறு போகும் என்றால் மட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த பருவம் பார்க்கலாம் என்கிறார்கள். நெய்வேலியின் நீர்மட்டம் நாட்டின் கவலை. ஓசூரின் நீர்மட்டம் உழவனின் தலையெழுத்து! இந்தப் பாகுபாட்டைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

நெய்வேலியிலும் சுரங்கத்தின் பாதுகாப்புக்காக அளந்தார்களே தவிர, சுற்றியுள்ள கிராமத்தாரின் கிணறுகளுக்காக அளக்கத் தொடங்கவில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம். தானாகப் பொங்கிய நீரைக் கண்ட ஊர்கள், பின்னர் மோட்டார் வைத்து ஆழத்திலிருந்து இழுக்க வேண்டிய ஊர்களாயின. யாருக்காக அளக்கிறோம் என்பது, அளக்கிறோமா என்பதைப் போலவே முக்கியமான கேள்வி.

இருக்கிற அளவை போதுமா?

அரசினர் அளக்கவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் நம் வழக்கம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த கிணறுகளில் மட்டம் பார்க்கிறது. தமிழ்நாட்டு அரசின் நீர்வளத் துறையும் மூவாயிரம் சொச்சம் கிணறுகளில் மாதந்தோறும் பார்க்கிறது. 1995-இல் தொடங்கிய உலக வங்கிக் கடனுதவித் திட்டத்தில் தானாகப் பதிவு செய்யும் கருவிகளும் வந்தன. குறுவட்டம் குறுவட்டமாகக் கணக்கெடுத்து, எடுக்கும் நீர் ஊறும் நீரைவிட அதிகமானால் அபாயம் என்று பட்டியலும் போடுகிறார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே. செய்கிறவர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால் தமிழ்நாட்டில் ஊராட்சிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல்! மூன்று நான்கு ஊராட்சிக்கு ஒரு கிணறுகூடத் தேறாது. மணற்கல் பூமியாக இருந்தால் ஒரு கிணற்றைப் பார்த்து ஒரு வட்டாரத்தை ஓரளவு ஊகிக்கலாம். கருங்கல் பூமியில் வரப்புக்கு வரப்பு கதை வேறு என்று மேலே பார்த்தோம். ஒரு பருக்கையைத் தொட்டுப் பார்த்து ஒரு பானைச் சோற்றின் பதம் சொல்லலாம். அந்த ஒரே பருக்கையைக் கொண்டு ஊரிலுள்ள அத்தனை பானைகளுக்கும் பதம் சொல்ல முடியுமா?

இன்னொரு குறையும் உண்டு. திறந்த கிணற்றில் அளந்தால் தெரிவது மேல்மட்டத்து நீர் மட்டுமே. நல்ல மழை பெய்த ஆண்டில் அது நிறைந்து தோன்றும். மாவட்டத்தில் நீர்மட்டம் உயர்ந்தது என்று செய்தி வரும். அதே சமயம் எண்ணூறு அடியில் உள்ள வெடிப்பு வற்றிப்போய், போர் போட்டவர் தலையில் கைவைத்துக் கொண்டிருப்பார். இரண்டும் உண்மை. மேலடுக்கை ஒரு கிணற்றிலும் கீழடுக்கை வேறொரு குழாயிலும் தனித்தனியே அளந்தாலன்றி முழு உண்மை புலப்படாது.

எல்லாவற்றுக்கும் மேலான குறை ஒன்று. அளந்த கணக்கு எங்கே போகிறது? சென்னைக்குப் போகிறது, தில்லிக்குப் போகிறது. எந்த ஊரின் கிணற்றில் அளந்தார்களோ அந்த ஊரின் சாவடிக்கு மட்டும் போவதில்லை! நோயாளியின் காய்ச்சலை அளந்துவிட்டு, அவனிடம் சொல்லாமல் வேறு ஊருக்குத் தபால் எழுதுகிற வைத்தியத்தை நாம் எங்கும் கண்டதில்லை.

பத்து லாரியின் கணக்கு

அளவு தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்போருக்காக ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுவோம். ஓசூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு எண்பது சென்டிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் நூற்றுக்குப் பத்து பங்கு பூமிக்குள் இறங்குகிறது என்று கொள்ளுவோம். ஓர் ஏக்கருக்கு இறங்கும் நீர் ஏறத்தாழ 3 லட்சத்து 24 ஆயிரம் லிட்டர். ஒரே ஒரு கிணற்றிலிருந்து நாள்தோறும் பத்து லாரி நீர் போனால், நாளொன்றுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். ஆண்டுக்கு 4 கோடியே 38 லட்சம் லிட்டர். அதாவது, 135 ஏக்கர் நிலத்துக்கு மழை தந்த நீர் முழுவதையும் அந்த ஒரு குழாய் உறிஞ்சிவிடுகிறது!

லாரிக்காரரின் நிலம் இரண்டு ஏக்கர் இருக்கலாம். மீதி 133 ஏக்கர் யாருடையது? அக்கம்பக்கத்து ஏழை உழவர்களுடையது. அவர்கள் வீட்டுக் கதவை யாரும் உடைக்கவில்லை. பூட்டில் கை வைக்கவில்லை. ஆயினும் அவர்களுடைய சொத்து இரவோடிரவாகப் போய்க் கொண்டிருக்கிறது. நிலம் எவனுடையதோ அடியிலுள்ள நீரும் அவனுடையதே என்று, வெள்ளைக்காரன் 1882-இல் செய்த அனுபோக உரிமைச் சட்டத்தின் காலத்திலிருந்து நடக்கும் நியாயம் இது. ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி ஒரே இரவில் ஆயிரம் அடி துளைக்கும் காலத்துக்குப் பொருந்துமா?

ஆழம் கூடக்கூட இன்னொரு ஆபத்தும் தலைகாட்டுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லைக் கறையாக்கி எலும்பை வளைத்த புளோரைடு, பாறையிலிருந்து நீரில் கரைவது. அந்தக் கொடுமையிலிருந்து மக்களை மீட்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து, 2013-இல் காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. வேண்டிய செலவுதான், நல்ல செலவுதான். ஆனால் ஆயிரக்கணக்கான கோடிக்குக் குழாய் போட முடிந்த நாட்டில், கிணற்றுக்குள் ஒரு நாடாவை இறக்கிப் பார்க்க மட்டும் வசதி இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

எல்லைக்கோடு பாறைக்குத் தெரியுமா?

ஓசூரின் தனித் தொல்லை ஒன்று உண்டு. ஜூஜூவாடியில் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அத்திப்பள்ளியில் அந்தப் பக்கம் கருநாடகம். சாலையில் எல்லைப் பலகை உண்டு. பூமிக்கடியில் பலகை இல்லை. பாறையின் வெடிப்பு இரு மாநிலத்துக்கும் பொதுவாக ஓடுகிறது.

தென்பெண்ணையின் மேல்நீருக்காகத் தமிழ்நாடு 2018-இல் உச்சநீதிமன்றம் சென்றது. நியாயமான வழக்கு. ஆற்றில் வருகிற நீருக்கோ பெங்களூரின் கழிவால் நுரை பொங்குகிறது என்பதைக் கெலவரப்பள்ளி அணையில் கண்ணாரக் கண்டோம். மேல்நீருக்கு வழக்காடுகிறோம், அடிநீரைப்பற்றிப் பேசுகிறோமா? 2024 கோடையில் பெங்களூரில் பொதுக் குழாய்க் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டதாக அந்த மாநில அரசே சொல்லிற்று. அங்கே வற்றினால் இங்கே லாரிக்கு விலை ஏறும். இங்கே இறைத்தால் அங்கே மட்டம் இறங்கும். இருவரும் தனித்தனியே அளந்து, தனித்தனியே மூடி வைத்தால் இருவருக்கும் நட்டமே.

2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளில் நிரப்புகிறார்கள். அதனால் அங்கே கிணறுகளில் நீர் ஏறுகிறது. அந்த நீரின் தூய்மை பற்றி ஐயமும் எழுந்தது. ஏறுவது எவ்வளவு, அந்த நீரில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரிக்கு இல்லையா?

மத்திய அரசு 2019 டிசம்பரில் 6,000 கோடி ரூபாயில் ஒரு நிலத்தடி நீர்த் திட்டத்தைத் தொடங்கிற்று. ஊர்தோறும் மக்களே மட்டத்தை அளந்து, நீர்க் கணக்குப் போட்டு, அதன்படி நடப்பது அதன் நோக்கம். ஏழு மாநிலங்கள் சேர்க்கப்பட்டன. கருநாடகம் அதில் உண்டு. தமிழ்நாடு அதில் இல்லை! ஒரே பாறை, அத்திப்பள்ளிக்கு அப்பால் ஒரு நீதி, ஜூஜூவாடிக்கு இப்பால் ஒரு நீதி! தில்லியின் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் தில்லி தரவில்லை என்பதற்காக நாம் கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டுமா?

வானத்தில் பறக்கும் செயற்கைக் கோள்களே நிலத்தடி நீரைக் கண்டு சொல்லுமே என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். 2002-இல் ஏவப்பட்ட இரட்டைக் கோள்கள், பூமியின் ஈர்ப்பு விசையிலுள்ள மாறுதலைக் கொண்டே, ராஜஸ்தான், பஞ்சாப், அரியானா பகுதியில் ஆறாண்டுகளில் 109 கன கிலோமீட்டர் நீர் குறைந்ததைக் காட்டின. 2009-இல் அது வெளிவந்தபோது உலகமே வியந்தது. ஆனால் அந்தக் கண் இராச்சியங்களைப் பார்க்கும் கண். கெலமங்கலத்துக் கிணறு அதன் கண்ணில் படாது. அதைப் பார்க்கக் கெலமங்கலத்துக்காரர்தான் வேண்டும்.

உழவரின் அச்சம்

இனி, உழவர் பெருமக்களின் மனத்தில் உள்ள ஓர் அச்சத்துக்கு வருவோம். அளக்க வருகிறவன் நாளைக்குப் பூட்ட வருவானோ? 1990 முதல் கிடைத்து வரும் இலவச மின்சாரத்துக்கு உலை வைப்பானோ? கிணற்றுக்கு வரி போடுவானோ? இந்த அச்சத்தை ஏளனம் செய்ய நாம் தயாராயில்லை. அதிகாரம் ஏழையின் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எதையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று செய்தார்கள். அது முழுமையாக நடைமுறைக்கு வராமலே, 2013-இல் ரத்து செய்யப்பட்டது. மக்களோடு கலந்து பேசாமல், மேலிருந்து இறக்கும் சட்டத்துக்கு அந்தக் கதிதான் வரும்.

ஆனால் உழவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் பழி யார் தலையில் விழுகிறது? நீரைக் குடித்துத் தீர்ப்பது விவசாயம்தான் என்று பட்டணத்தில் உட்கார்ந்து சொல்கிறார்களே, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? இரவில் ஓடும் லாரிக்கும், மனை போட்டு விற்பவரின் போருக்கும், ஆலையின் போருக்கும், நம் மோட்டாருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டக் கையில் ஏடு வேண்டாமா? கணக்கு ஏழைக்கு விரோதியல்ல. கணக்கை அடுத்தவன் கையில் விடுவதுதான் ஏழைக்கு விரோதி.

இது நடக்கக் கூடியதுதானா? நடந்திருக்கிறது. 2003-க்குப் பின் சில ஆண்டுகள், ஒன்றுபட்ட ஆந்திரத்தில் அனந்தபூர், சித்தூர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு உழவர்களே கிணறுகளை அளந்தார்கள். ஆணும் பெண்ணும் மழையளவைக் குறித்தார்கள். இந்தப் பருவத்தில் இவ்வளவு நீர்தான் உண்டு என்று ஊர்க் கூட்டத்தில் கணக்கு வைத்தார்கள். எதைப் பயிரிடுவது என்பதை அவரவரே முடிவு செய்தார்கள். போலீசும் வரவில்லை, பூட்டும் வரவில்லை. பல ஊர்களில் நெல்லைக் குறைத்து நீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள். சித்தூர் எங்கேயோ இருக்கும் சீமையல்ல. கிருஷ்ணகிரிக்கு அடுத்த வீடு. அதே கருங்கல் பூமி. அங்கே எழுதத் தெரிந்த கைகள் இங்கே இல்லையா?

என்ன செய்ய வேண்டும்?

நாம் ஆலைகளுக்கு விரோதிகளல்ல. வேலை தேடி அண்டை மாநிலத்துக்கு மூட்டை கட்டிய நம் பிள்ளைகளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்தது ஆலைகளால்தான். ஆனால் ஆலைக்கும் நீர் வேண்டும். நீர் வற்றினால் ஆலை வேறு ஊருக்குப் போய்விடும். உழவன் எங்கே போவான்? ஆகவே நாம் கேட்பது இவை:

ஒவ்வொரு ஊராட்சியிலும், ஓசூர் மாநகராட்சியின் ஒவ்வொரு வட்டத்திலும், இறைக்காத கிணறு ஒன்றும் இறைக்காத ஆழ்துளைக் குழாய் ஒன்றும் அளவைக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். மாதத்தில் ஒரே தேதியில், மோட்டார்கள் ஓடுவதற்கு முன்பு, விளிம்பில் குறித்த ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும். அளந்ததை அன்றைக்கே ஊராட்சி வாசலில் கரும்பலகையில் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வேண்டும். ஆலைகளும், லாரிக்கு நீர் விற்பவர்களும் தங்கள் கிணற்று மட்டத்தையும் எடுத்த அளவையும் அதே பலகையில் எழுதக் கட்டாயப்படுத்த வேண்டும். ஆண்டுக்கு இரு முறை, கிருஷ்ணகிரி மாவட்டத்து அதிகாரிகளும் எல்லைக்கு அப்பாலுள்ள அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து இரு பக்கத்துக் கணக்கையும் வெளியிட வேண்டும்.

இதற்குக் கோடிகள் வேண்டாம். நீரைத் தொட்டதும் மணியடிக்கும் கருவி ஒன்று, நாடா ஒன்று, ஏடு ஒன்று, சுண்ணாம்புக் கட்டி ஒன்று போதும். சம்பளமில்லாமல் செய்யச் சொல்லவும் மாட்டோம். அளக்கும் இளைஞருக்கோ பெண்ணுக்கோ அரசு கூலி தர வேண்டும்.

இந்த இதழைப் படிப்போரில் ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறீர்கள், உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், ஆலைத் தொழிற்சங்கத் தோழர்கள் இருக்கிறீர்கள். ஆணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதம் முதல் தேதி உங்கள் ஊரில் ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுங்கள், நாடாவை இறக்குங்கள், கண்ட எண்ணைப் பலகையில் எழுதுங்கள். அதற்கு அடுத்த மாதம் இரண்டாவது எண்ணை எழுதுங்கள். இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் போதும். அவற்றைக் கண்ட மக்கள் மூன்றாவது எண்ணைத் தாமே கேட்பார்கள். பன்னிரண்டு எண்கள் சேர்ந்துவிட்டால், அந்தப் பலகையை எந்த அமைச்சராலும் பார்க்காமல் கடந்து போக முடியாது.

நம் பாட்டன் கிணற்றுச் சுவரில் படிகளை எண்ணி நீர்க் கணக்குப் பார்த்தான். ஐந்தாம் படி தெரிந்தால் நெல் வேண்டாம், கேழ்வரகு போடு என்றான். அவன் படிக்காதவன் என்கிறோம். படித்த நாம் ஆயிரம் அடிக்குத் துளைத்துவிட்டு, கீழே என்ன இருக்கிறது என்று பாராமலே பொத்தானை அழுத்துகிறோம்.

கிணறு நாள்தோறும் சொல்லிக் கொண்டுதான் இருக்கிறது. நாம் அளந்து பார்ப்போம். ஆள்வோரையும் அளக்க வைப்போம்!